உள்ளறையில் தூங்குகிறவள்

கம்ப்யூட்டருக்குள் காலடிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். முதலில் சருகை மிதிக்கிற சத்தம் வரும், அப்புறம் கல்லில் செருப்பு உரசுகிற சத்தம். ஹெட்போனில் இடது காதில் கேட்டால் ஆள் இடது பக்கம் இருக்கிறான். பின்னால் கேட்டால் பின்னால் நிற்கிறான். முதல் தடவை அப்படிப் பின்னால் கேட்டபோது நான் நாற்காலியோடு திரும்பி எங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்தேன். அங்கே குக்கர் மட்டும்தான் இருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லச் சின்னப் பேத்தி டைப் அடிக்கிறாள். "வந்துச்சு, போச்சு" என்று நான் சொல்வதையெல்லாம் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிப் போடுகிறாள். ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டதை மட்டும் அப்படியே போடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதுகூட எதற்கோ சிரித்துக்கொண்டே அடிக்கிறாள்.

எனக்கு ஒரே மகன். அவனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கல்யாணம் ஆகி ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கார் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். சின்னவள் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருக்கிறாள், வீட்டில் இருந்தபடியே மெட்ராஸ் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து ஆடுகிற விளையாட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அது ஒரு தீவு. மரம், பாறை, ஆறு, மலை எல்லாம் உண்டு. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லாமல்தான் கடற்கரையில் போய் விழுகிறார்கள். மரத்தை வெட்ட வேண்டும், கல்லை உடைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும். கட்டின வீட்டை மற்றவர்கள் வந்து உடைத்து, உள்ளே இருப்பதை அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த மற்றவர்கள் பொம்மைகள் இல்லை. அவர்களும் எங்கேயோ ஒரு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்கள். அதுதான் எனக்குப் பயம். நரி வந்தால் கம்ப்யூட்டர் நரி என்று இருந்துவிடலாம். ஆள் வந்தால், எவனோ முறுக்கைக் கடித்துக்கொண்டே நம்மைக் குறி பார்க்கிறான் என்று அர்த்தம்.

இந்த வயதில் எனக்கு இது எதற்கு என்று மருமகள் கேட்டாள். பெரியவளின் குரலுக்காகத்தான் நான் முதலில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு ஏழாம் மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். வளைகாப்பைக்கூட வீடியோவில்தான் பார்த்தோம். அங்கே யாரோ ஒரு மலையாளத்துப் பெண் அவளுக்கு வளையல் போட்டுவிட்டாள், நான் இங்கே இருந்தபடி திரைக்குச் சந்தனம் காட்டினேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. படுத்தபடி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவள் அந்தத் தீவில் வீடு கட்டுவாள். ஹெட்போனை மாட்டினால் அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். குரலைக் கேட்கப் போனவள் சண்டையில் மாட்டிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் மாட்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வீட்டை ஆற்றங்கரையில் கட்டினோம். நான் சொன்ன இடம்தான். முசிறியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள் வேறெங்கே வீடு கட்டச் சொல்வேன்? மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவர் இல்லை, பெட்டி இல்லை, அடுப்பைக்கூட விடவில்லை. தண்ணீருக்கு எல்லோரும் அங்கேதானே வருகிறார்கள். அதற்கப்புறம் பெரியவள் மலைச் சரிவில் பாறைகளுக்கு நடுவே இடம் பார்த்தாள்.

அவள் கட்டினதைப் பார்த்தால் நீங்களும் ஆச்சரியப்படுவீர்கள். பி.காம் படித்தவள், கொத்தனார் வேலையை எங்கே கற்றாளோ. சுவருக்குள் சுவர், அதற்குள் இன்னொரு சுவர். நான் நம் ஊர்க் கோயில் மாதிரியே இருக்கிறது என்று பூரித்துப்போய், மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் தெரு விடச் சொன்னேன்.

"தெரு விட்டா எதிரி வந்து நின்னு வெடி வைக்க நாமளே எடம் குடுத்த மாதிரி அப்பாயி" என்றாள் பெரியவள்.

"அப்ப தேர் எப்புடிடி போகும்?"

"இங்க தேர் இல்ல அப்பாயி."

"தேர் இல்லாட்டி எதுக்கு இத்தன மதிலு?"

சின்னவள் சிரித்துச் சிரித்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். அப்புறம் பெரியவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். அந்தத் தீவில் எந்தச் சுவரும் எதிரியைத் தடுக்காதாம். வெடி வைத்தால் எல்லாமே விழும். ஆனால் வெடி செய்யக் கந்தகம் வேண்டும். கந்தகத்துக்கு நாளெல்லாம் பாறை உடைக்க வேண்டும். சுவர் கூடக் கூட அவன் கையில் இருக்கிற கந்தகம் கரையும். உள்ளே இருக்கிற சாமானைவிட உடைக்கிற செலவு அதிகம் என்று அவனுக்குத் தோன்ற வைத்துவிட்டால் அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுவான். அதனால் தேன்கூட்டில் இருக்கிற மாதிரி சின்னச் சின்ன வெற்று அறைகளாக நான்கு பக்கமும் அடைத்து வைத்தாள். வாசலுக்கு இரட்டைக் கதவு. முன்கதவைத் திறந்து நுழைந்து, அதைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது.

கதவு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. அந்தத் தீவில் நம்முடைய ஒரு மத்தியானத்துக்குள்ளேயே இரண்டு மூன்று தரம் பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் நான் விளக்கு வைக்க வேண்டும். வாசலில் எனக்கென்று ஒரு அரிக்கேன் விளக்கு மாட்டிக் கொடுத்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் கதவு சாத்தியிருக்கலாமா?

"லட்சுமி வர்ற நேரம்டி."

"லட்சுமிக்கு முன்னாடி வேற ஆளுங்க வந்துருவாங்க அப்பாயி" என்றாள் சின்னவள்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் விளக்கேற்றி முன்கதவைத் திறப்பேன். சின்னவள் துப்பாக்கியோடு வாசலில் நிற்பாள். லட்சுமி வந்தாச்சு என்று நான் சொன்னதும் சாத்திவிடுவாள். தினமும் இப்படித்தான் நடந்தது.

எழுத்துத் தெரியாதவள் எப்படி விளையாடுகிறாள் என்று கேட்பீர்கள். எனக்கென்று தனிக் கம்ப்யூட்டர் கொடுத்து, கீபோர்டுப் பலகையில் இருக்கிற கட்டைகளில் சின்னவள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். சிவப்புப் பொட்டை அமுக்கினால் கதவு திறக்கும், மூடும். பச்சைப் பொட்டு விளக்குக்கு. கறுப்புப் பொட்டை அமுக்கிக்கொண்டு பேசினால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நம் பேச்சு கேட்கும். நடப்பதற்கு அம்பு போட்ட கட்டைகள் இருக்கின்றன, அதற்குப் படிப்பு வேண்டாம்.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஆடுகிறவர்கள் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போனாலும் அவர்கள் உடம்பு உள்ளேயே படுத்துக் கிடக்கும். பெரியவளின் உடம்பு உள்ளறையில், பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையைத் தலைக்கு வைத்துத் தூங்கும். எவனாவது உள்ளே வந்துவிட்டால் ஒரு அடி போதும். செத்தால் என்ன, கடற்கரையில் மறுபடி முழித்துக்கொள்வோம் என்று இவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் பெரியவள் போன் செய்தாள். காலையில் இருந்து குழந்தையின் அசைவு குறைவாக இருக்கிறதாம்.

"போய்ப் பாத்துட்டு வந்துர்றோம் அப்பாயி. ஒண்ணும் இருக்காது" என்றாள். ஒன்றும் இருக்காது என்று சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மகனும் மருமகளும் வேண்டிக்கொள்ள உடனே சமயபுரம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். சின்னவளைக் கம்பெனியில் இருந்து கண்டோன்மெண்டில் ஒருவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள், தட்ட முடியவில்லை. முந்தின நாள்தான் யாரோ வந்து எங்கள் வெளிச்சுவர் ஒன்றை உடைத்துவிட்டு, வெடி தீர்ந்துபோனதால் திரும்பியிருந்தார்கள். மறுபடி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நீ சும்மா உள்ளயே நடந்துகிட்டு இரு அப்பாயி. ஆள் நடமாட்டம் இருந்தா யோசிப்பாங்க. முன்கதவத் தொடாத. யாராவது வந்தா எனக்கு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் ஓடினாள்.

வீட்டில் நான் ஒருத்திதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சின்னவளின் உடம்பு மாடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளறைக்குப் போனேன். பச்சைச் சட்டை தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே அவள் நிஜமாகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. இன்றைக்குப் பார்த்து இவளை யாராவது அடித்துவிட்டால்? வெறும் விளையாட்டுதான் என்று புத்தி சொன்னது. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அவளைப் போல ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்து வருகிற போனை நான் எந்தத் தைரியத்தில் எடுப்பேன்? இதைச் சின்னவளிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி அவளும் பயந்துவிட்டால் என்ன செய்வது.

நடந்தேன். இந்த அறை, அந்த அறை, மாடி, மறுபடி கீழே. கரண்ட் போய்விடக் கூடாதே என்று நடுவில் ஒரு வேண்டுதல். எங்கள் தெருவில் மின்சாரக்காரர்கள் எப்போது கம்பம் ஏறுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுபோய், பாதி உளுந்தோடு பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். அது கிடக்கட்டும்.

திரையில் பொழுது சாய்ந்தது. வானம் மஞ்சளும் குங்குமமுமாக ஆனது. நான் வாசல் பக்கம் போய் விளக்கேற்றினேன். ஏற்றின கையோடு விரல் சிவப்புப் பொட்டுக்குப் போய்விட்டது. முன்கதவு திறந்துகொண்டது. கை என்னைக் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து விளக்கு வைத்தால் வாசல் கதவைத் திறக்கிற கை அது. நானும் இரண்டாவது கதவுக்கு உள்ளே வந்து அதைச் சாத்திக்கொண்டு, கோயிலில் இருக்கிற தாயாரை நினைத்துக் கண்ணை மூடி, கம்ப்யூட்டர் முன்னால் கைகூப்பி நின்றேன். என் பேத்தி வயிற்றில் இருப்பதைக் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே காதில் சருகு நொறுங்கியது.

"டேய், நில்லு. கதவு தெறந்து கெடக்கு."

கரகரத்த குரல். தமிழ்தான்.

"வெளக்கு வேற எரியுதுண்ணே." இது இளசான குரல்.

"ட்ராப்புடா. உள்ள துப்பாக்கியக் கட்டி வச்சிருப்பானுங்க. கால வச்சா சுட்டுரும்."

"நேத்து மூடித்தானே இருந்துச்சு?"

"அதத்தான் சொல்றேன். எவன்டா வெளக்கேத்தி வச்சுட்டு கதவத் தெறந்து போடுவான்?"

"எங்கம்மா போடுவாங்க."

"உங்கம்மா இங்க எதுக்குடா வர்றாங்க?"

முன்கதவைச் சாத்த வேண்டுமென்றால் இரண்டாவது கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்று பெரியவள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு கல் வந்து விழுந்தது. துப்பாக்கி சுடுகிறதா என்று போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு கையால் போனை எடுத்துச் சின்னவள் படத்தை அமுக்கினேன்.

"வந்துட்டாங்கடி. நான் கதவத் தெறந்துட்டேன்."

"அய்யோ அப்பாயி. திரும்பி வந்துகிட்டுத்தான் இருக்கேன், காவிரிப் பாலத்துல பஸ்சு அப்புடியே நிக்குது, நகரவே மாட்டேங்குது. நீ பேசு. கறுப்புப் பொட்ட அமுக்கிட்டுப் பேசு. உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்."

போனை வைத்துவிட்டுக் கறுப்புப் பொட்டை அமுக்கினேன். "யாருப்பா அது?" என்றேன்.

வெளியே காலடிச் சத்தம் இரண்டு எட்டுப் பின்வாங்கியது.

"கொரல மாத்திப் பேசுறான்டா" என்றது கரகரப்பு.

"நெசமாவே பாட்டி மாதிரி இருக்குண்ணே."

"நான் பாட்டிதாம்ப்பா. நீங்க எந்த ஊரு?"

"அரியமங்கலம்ங்க" என்றான் இளசு.

"டேய், ஏன்டா ஊரச் சொல்ற?"

"அரியமங்கலத்துல எங்கப்பா? எங்க நாத்தனார் அங்கதான் இருக்காங்க. லேத்துப் பட்டறை வச்சிருக்காங்க, அவங்க மருமகன் போன வருஷம்தான் புதுசா மிஷின் எறக்கி..."

"பாட்டி, பேச்சுக் குடுத்து நேரத்த ஓட்டாதீங்க. உள்ள எத்தன பேரு?"

பஸ் நகர்கிறவரைக்கும் பேச்சை வளர்க்கத்தான் நினைத்தேன். பேச்சு என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டுமா. ஆனால் பயத்தில் வாய் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

"சத்தம் போடாதீங்கப்பா. உள்ள புள்ளத்தாச்சி தூங்குது" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இன்னொரு ஆளு படுத்துக் கெடக்கு. மத்த யாரும் இல்ல. வையிடா" என்றது கரகரப்பு.

இப்படி நானே காட்டிக்கொடுத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது கதவில் ஏதோ ஒட்டுகிற சத்தம், அப்புறம் சரவெடித் திரி பற்றிக்கொள்கிற மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பி ஓடினேன். ஒவ்வொரு கதவாகச் சிவப்புப் பொட்டை அமுக்கி அமுக்கிச் சாத்தினேன். ஒரு கதவில் பதற்றத்தில் இரண்டு தரம் அமுக்கி, சாத்தினதைத் திறந்து, மறுபடி சாத்தினேன். பின்னால் வெடித்தது. மேஜை மேல் இருந்த டம்ளர் ஆடியதா, என் கை பட்டு ஆடியதா தெரியாது. உள்ளறைக்குள் போய்க் கடைசிக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைச் சட்டைக்கு முன்னால் நின்றேன். என்னிடம் ஒரு சுத்தியல் மட்டும் இருந்தது. உடைந்த சுவரைப் பழுது பார்க்கக் கொடுத்தது.

அடுத்த வெடி. நடுக்கதவு போயிற்று.

அந்த நேரத்தில் போன் அடித்தது. போன் திரையில் பெரியவளின் முகம், கல்யாணப் படம், மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிறாள். ஸ்ரீரங்கத்து வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து, ஒரு பக்கம் அந்தப் படத்தையும் ஒரு பக்கம் தூங்குகிற உடம்பையும் பார்த்தேன். வெடியைவிட அந்தப் போன் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எடுக்காமல் விட்டால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது, இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு கை கட்டையிலேயே இருந்தது.

"அப்பாயி."

"சொல்லுடி."

"இருக்கு அப்பாயி. துடிப்பு நல்லா இருக்கு. முதுகக் காட்டித் திரும்பிப் படுத்துக்கிச்சாம். அதான் அசையுறது எனக்குத் தெரியல."

கடைசிக் கதவில் உஸ்ஸென்று திரி பற்றியது.

"என்ன சத்தம் அது? சமையல்கட்டுல ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"உன்னக் கொல்ல வந்திருக்காங்கடி."

"எங்க?"

"உன் ரூம்புக் கதவுல வெடி வச்சிட்டாங்க."

"அத்தன சுவத்தையும் தாண்டியா? எப்புடி உள்ள வந்தாங்க?"

"வெளக்கு வச்சேன். முன்கதவத் தெறந்துட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டில் சிரிப்பாளே, மூக்கால் இழுத்து இழுத்து, அந்தச் சிரிப்பு.

"அப்பாயி, சிரிக்க வைக்காத. வயித்துல பெல்ட்டு கட்டியிருக்காங்க, நர்ஸ் மொறைக்கிறா."

கதவு விழுந்தது. புகைக்குள் இருந்து ஒருத்தன் முகமூடியோடு வந்தான். நான் சுத்தியலை எந்தப் பொட்டை அமுக்கி ஓங்குவது என்று தேடுவதற்குள் அவன் என்னைத் தாண்டிப் போய்ப் பச்சைச் சட்டையை ஒரே அடி அடித்தான். அது ஒரு முனகு முனகியது. அதே நேரத்தில் போனில் அவள் விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் சாவு, ஒரு காதில் சிரிப்பு. மத்தியானத்தில் இருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. செத்துக் கிடக்கிறாள், சிரிக்கவும் சிரிக்கிறாள்.

முகமூடிக்காரன் என் பக்கம் திரும்பித் தடியை ஓங்கினான். ஓங்கினவன் நின்றுவிட்டான்.

"டேய், குதிரச் சத்தம் கேக்குதுடா. ஆள் வர்றாங்க, வெளிய பாரு."

இளசு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஒருத்தரும் இல்லண்ணே. உள்ளதான் கேக்குது."

எனக்கும் அப்போதுதான் கேட்டது. போனில் அவள் சிரிப்புக்குப் பின்னால் டகடகவென்று ஏதோ விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் என் சுண்டு விரல் கறுப்புப் பொட்டிலேயே ஊன்றியிருந்திருக்கிறது. போனில் வருகிற சத்தமெல்லாம் வெடிச் சத்தத்துக்கு நடுவே அரைகுறையாக அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

"குதிர இல்லப்பா. என் பேத்தி வயித்துல இருக்குற புள்ளயோட நெஞ்சு துடிக்குது. ஆஸ்பத்திரியில மிஷின் வச்சிருக்காங்க."

ஓங்கின தடி கீழே இறங்கியது.

"நல்லாருக்காங்களா பாட்டி?" என்று இளசு கேட்டான்.

"நல்லாருக்கா. இப்பத்தான் உங்கண்ணன் அவள அடிச்சுக் கொன்னாரு."

"சாரிங்க" என்றது கரகரப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தெரியாதுங்க. ஆனா கந்தகத்த எடுத்துக்குவோம்ங்க. வெடிக்கு நெறையச் செலவாயிருச்சு" என்றது.

"எடுத்துக்கச் சொல்லு அப்பாயி, எடுத்துக்கச் சொல்லு" என்று ஜெர்மனியில் இருந்து பெரியவள் கத்தினாள்.

"எடுத்துக்கங்கப்பா."

அவர்கள் பெட்டிகளைக் குடைய ஆரம்பித்தார்கள். இளசு எதையோ கீழே போட, கரகரப்பு அவனைத் திட்டியது. நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி அப்பாயி, நர்ஸ் வர்றா, வச்சிர்றேன்" என்றாள்.

"வைக்காதடி. நீ பேச வேண்டாம். அந்த மிஷினுக்குப் பக்கத்துல போனக் கொஞ்சம் வையி" என்றேன்.